உறுதியில் பெயர் இல்லாதவர்கள்

வீட்டுக்கோ காணிக்கோ உரிய பத்திரத்தை நாங்கள் ‘உறுதி’ என்கிறோம். நல்ல சொல்தான். அந்தக் காகிதம் கையில் இருந்தால் காலடியில் நிலம் அசையாது என்று சொல்வதுபோல இருக்கிறது. கொழும்பில் வளரும் பிள்ளை எவரும் இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர முடியாது. கல்யாணப் பேச்சில் உறுதி வரும். வங்கிக் கடனில் உறுதி வரும். முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கும் விண்ணப்பத்தில்கூட உறுதி வரும்.

எங்கள் வீட்டில் உறுதி இல்லை. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஓர் ஒழுங்கையில், ஆறு மாடித் தொடர்மாடியின் நான்காம் மாடியில் பதினொரு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். மாடிக்கு நான்கு வீடாக மொத்தம் 24 வீடுகள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் இருக்கிறோம். பாங்குச் சத்தமும் கோயில் மணியும் கடற்கரை ரயிலின் இரைச்சலும் ஒரே யன்னலால்தான் உள்ளே வரும்.

இஸ்லாம் பாடத்தில் அயலவரின் உரிமைகள் என்று ஓர் அலகு உண்டு. வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் அயலவரைப் பற்றி ஓயாமல் வலியுறுத்தியதால், அவர்களையும் சொத்துக்கு வாரிசாக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு அந்த உரிமை பெரியது என்று படித்திருக்கிறோம். உறவினரான அயலவர், உறவில்லாத அயலவர் என இரு தரப்பாருக்கும் நன்மை செய்யுமாறு அல்குர்ஆனும் சொல்கிறது. அந்தப் பட்டியலில் உறுதி வைத்திருக்கும் அயலவர், வைத்திராத அயலவர் என்ற பிரிவு இல்லை. ஆனால் நாங்கள் வாழும் கட்டடத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, அதனால் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

1973ஆம் ஆண்டு வீடுகள் பற்றி இலங்கையில் மூன்று சட்டங்கள் வந்தன. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் பீற்றர் கெனமன். அந்த வருடத்தின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒருவர் எத்தனை வீடுகளை வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு விதித்தது. வரம்புக்கு மேற்பட்ட வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு அந்த வீடுகளையே வாங்கும் வழி திறந்தது. 10ஆம் இலக்கச் சட்டம் தொடர்மாடிகளின் பொது வசதிகளைப் பார்க்க ஒரு சபையை அமைத்தது. 2003இல் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சபைதான் இன்றைய கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை. 11ஆம் இலக்கச் சட்டம், மண்ணில் தொடாமல் ஆகாயத்தில் நிற்கும் ஒரு மாடி வீட்டைத் தனியாக உறுதி எழுதி வாங்குவதற்குரிய சட்டம்.

இந்த மூன்றாவது சட்டத்தின்படி ஒருவர் மாடி வீடு ஒன்றை வாங்கும்போது நான்கு சுவர்களை மட்டும் வாங்குவதில்லை. நிலம், மாடிப்படி, லிப்ட், கூரை, தண்ணீர்த் தாங்கி, வாகனம் நிறுத்துமிடம் ஆகியவற்றிலும் ஒரு பங்கை வாங்குகிறார். அந்தப் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது. எட்டாவது படி என்னுடையது, ஒன்பதாவது படி உன்னுடையது என்று சொல்ல யாராலும் முடியாது. இப்படிப் பிரிக்க முடியாததைப் பராமரிப்பதற்காக எல்லா உரிமையாளரும் சேர்ந்து ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஆகிறார்கள். அதற்கு ஒரு குழுவைத் தெரிவு செய்கிறார்கள். மாதக் கட்டணம் சேர்க்கிறார்கள். பழுது பார்க்கிறார்கள், காவலாளியை வைக்கிறார்கள், ஒழுங்கு விதிகள் போடுகிறார்கள். விதிகள் குடியிருக்கும் எல்லோரையும் கட்டுப்படுத்தும். வாக்கு மட்டும் உரிமையாளருக்கே.

இதன் மூத்த உறவு கூட்டுறவு வீடமைப்புச் சங்கம். பம்பாயின் காம்தேவிப் பகுதியில் 1915இல் சரஸ்வத் சமூகத்தார் ஒன்றுசேர்ந்து அப்படியொரு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரே சமூகத்தார். சேர்ந்து வாழ்வதென முடிவெடுத்த பிறகு சேர்ந்து கட்டினார்கள். எங்கள் தொடர்மாடியில் நடந்தது தலைகீழ். கட்டடம் முதலில் வந்தது. பிறகு ஒருவரையொருவர் அறியாத 24 பேர் வாங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். வெள்ளவத்தையைத் தெரிந்தவர்களுக்கு இது புதினமில்லை. போர்க்காலத்தில் வெளிநாடு போனவர்களில் பலர், ஊருக்கு வந்தால் நிற்க ஓர் இடம் வேண்டுமென்று இங்கே வீடு வாங்கினார்கள். இப்போது எங்கள் 24 வீடுகளில் எட்டில் மட்டுமே உரிமையாளர்கள் வசிக்கிறார்கள். மூன்று பூட்டியே கிடக்கின்றன. மீதிப் பதின்மூன்றிலும் எங்களைப் போல வாடகைக்காரர்கள்.

சாதாரண நாட்களில் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. 2022ஆம் ஆண்டு போட வைத்தது.

அந்த வருடம் மார்ச் மாத முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது நினைவிருக்கும். கேஸ் சிலிண்டருக்கு வரிசை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. நிலத்தில் வீடு உள்ளவர்கள் பின்வளவில் மூன்று கல்லை வைத்து விறகடுப்பு மூட்டினார்கள். நான்காம் மாடியில் கல்லை எங்கே வைப்பது? அதைவிடப் பெரிய தொல்லை தண்ணீர். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது இயற்கை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் வீதிக் குழாயிலிருந்து வரும் தண்ணீர் முதலில் நிலத்தடித் தாங்கியில் விழுகிறது. மோட்டர் அதைக் கூரைத் தாங்கிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்துதான் எல்லா வீட்டுக்கும் இறங்குகிறது. மின்சாரம் இல்லையென்றால் மோட்டர் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். கலன்களில் எரிபொருள் கொடுப்பதை அப்போது நிறுத்தியிருந்தார்கள். ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க முடியுமா?

கூட்டுத்தாபனத்தின் குழு கூட வேண்டிய நேரம் அது. ஆனால் குழுவிலிருந்த ஐவரில் மூவர் நாட்டில் இல்லை. அதனால் ஒரு நாள் இரவு, யாரும் அழைப்பு அனுப்பாமலே, எல்லோரும் கீழ்மாடிப் படிக்கட்டில் கூடிவிட்டார்கள். கையில் டோர்ச் லைட்டும் வெறும் வாளியுமாக. முதலாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற சிங்கள டீச்சர்தான் முதலில் பேசினார். அவர் உரிமையாளர். இரண்டாம் மாடியில் மூவராகச் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் மட்டக்களப்பு நேர்ஸ் அக்காமார் பேசினார்கள். எங்கள் உம்மாவும் பேசினார். யார் உரிமையாளர், யார் வாடகை என்று அந்த இருட்டில் யாரும் கேட்கவில்லை.

அன்று எடுத்த முடிவுகள் மிகச் சிறியவை. மின்சாரம் வந்தவுடன் முதல் ஒரு மணித்தியாலம் மோட்டருக்கு. அந்த நேரம் யாரும் அயன் பண்ணுவதில்லை, வொஷிங் மெஷின் போடுவதில்லை. மோட்டரைப் போடும் வேலை வாச்சர் மாமாவுக்கு. வாகனம் நிறுத்துமிடத்தில் இருக்கும் குழாய் நிலத்தடித் தாங்கியோடு இணைந்தது. அதிலிருந்து கைப்பம்பால் தண்ணீர் எடுத்து, ஆளுக்கு இரண்டு வாளி. ஆறாம் மாடியில் யாழ்ப்பாணத்து ஐயாவும் அம்மாவும் தனியே இருந்தார்கள். பிள்ளைகள் கனடாவில். அவர்களுடைய வாளிகளைத் தூக்க ஒரு நேர அட்டவணை. அதில் என் நானாவின் பெயர் திங்களும் வியாழனும் இருந்தது. லிப்ட் ஓடாத அந்த நாட்களில் 108 படிகளை அவன் எண்ணிச் சொன்னான்.

பணம் சேர்க்க வேண்டி வந்தது. உம்மா ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து நிரல்கள் கீறினார். திகதி, வீட்டு இலக்கம், தந்த தொகை, செலவு, மீதி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புவார். நூறு ரூபாவுக்குத் தீப்பெட்டி வாங்கினாலும் அதில் இருக்கும். உரிமையாளரா வாடகைக்காரரா என்ற நிரல் அந்தக் கொப்பியில் இல்லை.

அந்த ஏப்ரலில்தான் நோன்பு தொடங்கியது. அதே மாதம் 14ஆம் திகதி சித்திரைப் புத்தாண்டு, 17ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. வாகனம் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில், பழைய பெற்றோல் பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்பில், கஞ்சி காய்ச்சினோம். விறகு தேடித் தந்தவர் வாச்சர் மாமா. ஹற்றனைச் சேர்ந்தவர், மாடிப்படியின் கீழுள்ள அறையில் தங்குபவர். நோன்பாளிக்கு மட்டும் காய்ச்சினால் ஒரு சட்டி போதும். ஆனால் அந்த நெருப்பில்தான் பலருடைய இரவுச் சாப்பாடும் இருந்தது. குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூடுதலாக விட்டாவது அயலவருக்கும் கொடுக்கும்படி நபியவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்ன செய்தியை அதுவரை மனப்பாடமாகத்தான் வைத்திருந்தேன். கஞ்சியில் தண்ணீரைக் கூட்டும் கையைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். புத்தாண்டன்று டீச்சர் அதே அடுப்பில் பாற்சோறு செய்தார். வீட்டுக்கு வீடு தட்டம் வந்தது.

இத்தோடு முடித்தால் இது ஓர் இனிய கதை. கதை இத்தோடு முடியவில்லை.

நெருக்கடி தணிந்தது. மின்சாரம் வழமைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்த குழு உறுப்பினர்கள் திரும்பி வந்தார்கள். 2022 செப்டெம்பரில் தண்ணீர்க் கட்டணம் கூடியிருந்தது. அடுத்த வருடம் பொதுக்கூட்டம் வைத்தபோது செலவைக் குறைக்க வழிகள் தேடினார்கள். முதலாவதாகக் கண்ணில் பட்டது வாகனம் நிறுத்துமிடத்துக் குழாய். அதற்கு ஒரு பெட்டி போட்டுப் பூட்டுவதென்று பிரேரணை. அந்தக் குழாயில்தான் வாச்சர் மாமா குளிப்பார். படிகளைக் கூட்ட வரும் இரண்டு பெண்களும் வேலை முடிந்து கைகால் கழுவுவதும், போத்தலில் தண்ணீர் பிடிப்பதும் அங்கேதான். வேறு இடம் அவர்களுக்கு இல்லை.

வாடகைக்காரர்கள் சிலரும் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். பின்வரிசையில் இருக்கச் சொன்னார்கள். இருந்தார்கள். உம்மா கையை உயர்த்தினார். தலைமை தாங்கியவர் கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்: “மிஸ், நீங்கள் சொல்ல வேண்டியதை உங்கள் வீட்டு உரிமையாளர் மூலம் எழுத்தில் அனுப்பலாம். இது உரிமையாளர் கூட்டம்.” டீச்சர் ஒருவர்தான் எதிர்த்தார். பிரேரணை நிறைவேறியது. மறுநாள் பெட்டி வந்தது, பூட்டும் வந்தது. ஒரு வருடத்துக்கு முன் அத்தனை வீட்டின் வாளிகளையும் நிரப்பிய குழாய் அது.

வீட்டுக்கு வந்த உம்மா அதிகம் பேசவில்லை. “சட்டம் அப்படித்தானே ஈக்கிது” என்று மட்டும் சொன்னார்.

சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று நான் யோசித்தது கொட்டாஞ்சேனையில். என் உம்மம்மாவின் வீடு அங்கே ஒரு தோட்டத்தில். கொழும்பில் தோட்டம் என்றால் மரஞ்செடிகளைத் தேடக் கூடாது. ஒரு முடுக்குக்குள் இரு பக்கமும் வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நடுவில் ஒரு கான், ஒரு முனையில் பொதுக் குழாய். உம்மம்மாவின் தோட்டத்தில் முப்பது வீடுகள். புனித லூசியாள் தேவாலயத்தின் கோபுரம் அங்கிருந்து தெரியும். மூன்று இனத்தவரும் நான்கு மதத்தவரும் அந்த முப்பது வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

அந்தத் தோட்டத்தில் உறுதி உள்ள வீடும் உண்டு, வெறும் வாடகைச் சீட்டு உள்ள வீடும் உண்டு, எந்தக் காகிதமும் இல்லாத வீடும் உண்டு. ஆனாலும் அங்கே ஒரு சபை இருந்தது. 1970களின் இறுதியில் கொழும்பு மாநகர சபையும் யுனிசெப்பும் சேர்ந்து செய்த வேலைத்திட்டத்தில் இப்படியான தோட்டங்களுக்குச் சமூக அபிவிருத்தி சபைகள் அமைக்கப்பட்டன. 1984இல் பிரதமர் பிரேமதாச பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது அந்தச் சபைகளுக்குப் பெரிய வேலை வந்தது. அரசாங்கமே கட்டிக் கொடுப்பதற்குப் பதிலாக, மக்கள் தங்களுக்கு என்ன வேண்டுமென்று கூடிப் பேசித் திட்டமிட வேண்டும். கான், குழாய், மலசலகூடம் போன்ற சிறு வேலைகளை வெளியார் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் சபையே ஒப்பந்தம் எடுத்துச் செய்யலாம். அதைச் சமூக ஒப்பந்தம் என்றார்கள். வீடற்றோருக்கென ஐக்கிய நாடுகள் சபை 1987ஐச் சர்வதேச ஆண்டாக்கியபோது, அந்த யோசனையை முன்வைத்த நாடு என்ற பெயரும் இலங்கைக்குக் கிடைத்தது.

இந்தச் சபைகளில் அங்கத்தவராவதற்கு உறுதி கேட்கவில்லை. அங்கே வசித்தால் போதும்.

உம்மம்மா அப்போது இளம் தாய். சபையின் பொருளாளர். கான் கட்டுவதற்கு வரைபடம் கொண்டுவந்த உத்தியோகத்தரிடம், மழை பெய்தால் தண்ணீர் தேங்குவது அந்தப் பக்கமில்லை, இந்தப் பக்கம் என்று பெண்கள் கூட்டமாக நின்று காட்டினார்களாம். வரைபடம் மாறியது. “கூட்டத்துக்கு வார ஆம்புளயலுக்குக் கான் எங்க நிரம்புதெண்டு எப்படித் தெரியும்? அவங்க மழ நேரம் கடையிலயெல்லோ நிப்பாங்க” என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தோட்டத்தில் எல்லோரும் அன்பாக இருந்தார்கள் என்று உம்மம்மா ஒருநாளும் சொன்னதில்லை. “பைப்படியில சண்ட பிடிக்காத வீடொண்டு இல்ல மகள். ஆனா ஒரு வீட்டுல மௌத்தெண்டா அந்தச் சண்டக்காரிதான் முதல்ல கதிர தூக்கிட்டு வருவா” என்பதுதான் அவருடைய கணக்கு. இது முக்கியமென்று நினைக்கிறேன். ஒருவரையொருவர் விரும்புவதால் மட்டும் அயலவர் ஆவதில்லை. ஒரே கானைப் பலமுறை சேர்ந்து சுத்தம் செய்வதால் ஆகிறார்கள். விருப்பம் வந்தால் பிறகு வரட்டும்.

இனி வெள்ளவத்தைக்குத் திரும்புகிறேன். உரிமையாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கூரைத் தாங்கி வெடித்தால் இலட்சக்கணக்கில் செலவு வரும். அதை வாடகைக்காரர் கொடுக்கப் போவதில்லை. ஒப்பந்தம் முடிந்தால் அவர் போய்விடுவார். பத்து வருடத்துக்குப் பிறகு அந்தக் கட்டடம் நிற்குமா என்ற கவலை உரிமையாளருக்குத்தான். அதனால் பெரிய முடிவுகளில் அவருடைய வாக்குக்கு எடை கூட இருப்பது நியாயமே. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கட்டடத்தில் எடுக்கப்படும் முடிவுகள் எல்லாம் பெரிய முடிவுகள் இல்லை. குழாய், குப்பை, நுளம்பு, படிக்கட்டு விளக்கு போன்றவற்றில் யார் பணம் போட்டார் என்பதைவிட யார் தினமும் அதைக் கடந்து போகிறார் என்பதே அறிவு. அரசறிவியல் பாடத்தில் படித்தது ஒன்று ஞாபகம் வருகிறது. 1931வரை இந்த நாட்டில் வாக்களிக்கச் சொத்தோ வருமானமோ கல்வியோ தகுதியாக இருந்தது. டொனமூர் அரசியலமைப்போடு 21 வயதான ஆண், பெண் இரு பாலாருக்கும் வாக்குரிமை வந்தது. மலையகத் தொழிலாளருக்கு அப்போதும் கட்டுப்பாடுகள் போட்டார்கள் என்பது வேறு கதை. சொத்தில்லாதவனுக்கு நாட்டின் மீது அக்கறை இருக்காது என்று அன்று எதிர்த்தவர்கள் சொன்ன காரணமும், எங்கள் கூட்டத்தில் கேட்ட காரணமும் தூரத்து உறவினர் போலத் தெரிகிறது.

நுளம்பை எடுத்துக்கொள்வோம். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு என்று பதிவானது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈடிஸ் நுளம்புக்கு ஒரு போத்தல் மூடியளவு தேங்கிய தண்ணீர் போதும். தொடர்மாடியில் அது லிப்ட் குழியில் இருக்கும், ஏ.சி.யின் கீழுள்ள தட்டில் இருக்கும், பூட்டிக் கிடக்கும் வீட்டின் மலசலகூடத்திலும் இருக்கும். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடத்தின் உரிமையாளரையும் சொல்கிறது, குடியிருப்பவரையும் சொல்கிறது. இருவருக்கும் கடமை உண்டு. ஆக, தண்ணீர் தேங்கினால் வாடகைக்காரர் பொறுப்பாளி. தண்ணீர் பற்றிய கூட்டத்தில் மட்டும் அவர் பின்வரிசை. கடமைக்கு உறுதி கேட்காத நாங்கள் உரிமைக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்?

வேறு நாடுகளில் இதை யோசித்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2015இல் வந்த சட்டப்படி, ஒரு தொடர்மாடியின் அரைவாசி வீடுகளிலாவது வாடகைக்காரர் இருந்தால், அவர்கள் தங்கள் சார்பில் ஒருவரைக் குழுவுக்கு அனுப்பலாம். அவருக்கு வாக்கு இல்லை, ஆனால் முன்வரிசையில் இருந்து பேச இடம் உண்டு. எங்கள் கட்டடம் அங்கே இருந்திருந்தால் பதின்மூன்று வீட்டுக்காரருக்கும் அந்த உரிமை கிடைத்திருக்கும்.

இங்கே சட்டம் மாறும்வரை என்ன செய்வது? வழியைக் கண்டுபிடித்தவர் டீச்சர்தான். கூட்டத்துக்கு வர முடியாத உரிமையாளர் தனக்குப் பதிலாக இன்னொருவரை எழுத்தில் நியமிக்கலாம். பதிலாள் என்பார்கள். பதிலாள் உரிமையாளராகத்தான் இருக்க வேண்டுமென்று விதியில் இல்லை என்று அவர் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்.

அன்றிரவே உம்மா ரொறன்ரோவுக்கு அழைத்தார். எங்கள் வீட்டு உரிமையாளரை நாங்கள் அங்கிள் என்போம். வாடகை தவிர வேறெதுவும் அவரோடு பேசியதில்லை. அவருக்குக் கூட்ட அறிவித்தலே வருவதில்லையாம். பழைய மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். குழாய் பூட்டியதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தங்கச்சி, நான் கொழும்புக்கு முதல் வந்த காலத்திலை ஒரு கடையிலை வேலை செய்துகொண்டு கடைக்குப் பின்னாலைதான் படுத்தனான். குளிக்கிறதுக்கு ஒரு பைப் இருந்தது. அது இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்?” என்றார். இரண்டு நாளில் கையெழுத்திட்ட கடிதம் வந்தது.

நேர்ஸ் அக்காமார் லண்டனிலுள்ள தங்கள் உரிமையாளருக்கு எழுதினார்கள். மற்றவர்களும் எழுதினார்கள். சிலர் பதில் போடவில்லை. ஒருவர் “உங்களுக்கேன் இந்த வேலை” என்றார். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒன்பது பதிலாள் கடிதங்கள் சேர்ந்தன. வசிக்கும் உரிமையாளர் எட்டுப் பேரோடு சேர்த்து, 24இல் 17 வீட்டின் குரல் அந்த அறையில் இருந்தது. அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் அத்தனை வீடுகள் ஒரு கூட்டத்தில் இருந்ததில்லை என்று டீச்சர் சொன்னார். குழாயைத் திறக்கும் பிரேரணைக்கு ஆதரவாகப் பதினொன்று, எதிராக ஆறு. தண்ணீர்ச் செலவுக்கு மீற்றர் ஒன்று பொருத்துவதென்றும், அறிவித்தல்களை மூன்று மொழியிலும் லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவதென்றும் முடிவானது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர்தான் மீற்றரை வாங்கி வந்து பொருத்தினார்.

குழாய் திறந்ததைப் பெரிய வெற்றியென்று நான் எழுதமாட்டேன். உம்மாவின் கையில் இருப்பது இரவல் வாக்கு. அங்கிள் நாளைக்கே வீட்டை விற்கலாம். எங்கள் ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிகிறது. அதன் பிறகு வெள்ளவத்தையில் இருப்போமா, கொட்டாஞ்சேனைக்குப் போவோமா, தெஹிவளையில் வீடு தேடுவோமா தெரியாது. உயர்தரப் பரீட்சை முடியும்வரையாவது இங்கே இருக்க வேண்டுமென்று துஆச் செய்கிறேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலரும் தொடர்மாடியில்தான் இருக்கிறீர்கள். உங்கள் கட்டடத்தின் கூட்டம் எப்போது நடந்தது, அறிவித்தல் யாருக்கு வந்தது, கணக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். நெருக்கடி வந்த பிறகு அயலவரைத் தேடினால் இருட்டில்தான் தேட வேண்டும். நாங்கள் தேடியபோது படிக்கட்டில் கண்டுகொண்டோம், அல்ஹம்துலில்லாஹ். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

உம்மாவின் சி.ஆர். கொப்பி போன வாரம் முடிந்துவிட்டது. புதுக் கொப்பி ஒன்று வாங்கி வந்தேன். முதல் பக்கத்தில் 24 வீடுகளின் இலக்கங்களையும், அவற்றில் இப்போது வசிப்பவர்களின் பெயர்களையும் என்னை எழுதச் சொன்னார். எழுதி முடித்துக் கொப்பியை நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “25 போடுங்க மகள். வாச்சர் மாமாட பேரையும் எழுதுங்க” என்றார்.